போகோர்: தலைநகருக்கு மேலே ஒரு மழை ஊர்

மலர்க் குழு நண்பர் போனில் கூப்பிட்டு, "நீ இந்தோனேசியாவில இருந்தவன்தானே, ஏதாவது ஒரு கட்டுரை எழுதிக் குடுடா" என்றதும், பாலித் தீவு, கடற்கரை, கோயில் என்று நாலு பக்கம் ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பாலியில் நான் இருந்தது மொத்தமே இரண்டு நாள். மூன்று வருஷம் குடியிருந்தது ஜகார்த்தாவுக்குத் தெற்கே சுமார் அறுபது கிலோமீட்டரில், மலையடிவாரத்தில் இருக்கும் போகோரில். தெரிந்த ஊரைப் பற்றி எழுதுவதுதானே நியாயம்? அதோடு, சிவில் பிரிவு ஜூனியர்களுக்குச் சொல்ல வேண்டிய ஒரு சமாச்சாரமும் அந்த ஊரில் எனக்கு இருக்கிறது. அது கடைசியில் வரும்.

முதலில் ஊர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஜாவாத் தீவின் வடக்குக் கரையில் ஜகார்த்தா. தட்டையான, சதுப்பான கடலோரம். அங்கிருந்து தெற்கே போகப் போக நிலம் மெல்ல உயர்கிறது. போகோர் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 260 மீட்டர். அதற்கு மேலே சாலாக் மலை 2,211 மீட்டர், கெடே 2,958, பங்ராங்கோ 3,019. சாலாக்கும் கெடேயும் இன்னும் உயிருள்ள எரிமலைகள். போகோரிலிருந்து தென்கிழக்கே சாலை ஏறி ஏறி 1,400 மீட்டருக்கு மேல் போய் ஒரு கணவாயைத் தொடும். அந்தப் பகுதிக்குப் புஞ்சாக் என்று பெயர். புஞ்சாக் என்றால் உச்சி. வழியில் மேகமெண்டுங் என்று ஓர் ஊர் வரும். நம்ம 'மேகம்'தான்! மெண்டுங் என்றால் மப்பும் மந்தாரமும். பெயர் வைத்தவர் வானிலை ஆய்வாளராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். அந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: சியாவி, சிசாருவா, சிபோடாஸ். ஆறுகளோ சிலிவுங், சிசடானே. எல்லாம் 'சி'. அங்கே பேசும் சுண்டா மொழியில் 'சாய்' என்றால் தண்ணீர். அதுதான் பெயருக்கு முன்னால் 'சி' ஆகிறது. தண்ணீரை வைத்தே ஊரை அடையாளம் சொல்லும் ஜனங்கள்.

மழை என்றால் அப்படி ஒரு மழை. சென்னைக்கு வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர், ஜகார்த்தாவுக்கு 1,800 சொச்சம், போகோருக்கு 4,000 வாக்கில். 'மழை நகரம்' என்பது அந்த ஊருக்குச் செல்லப் பெயர். வறட்சி மாதங்கள் என்று ஜாவா முழுக்கச் சொல்லும் ஜூலை, ஆகஸ்டிலும் போகோரில் மழை பெய்யும். 1916 முதல் 1919 வரை எடுத்த கணக்கில் ஆண்டுக்குச் சராசரி 322 நாட்கள் இடி கேட்டிருக்கிறது. மிச்சமிருக்கும் நாற்பத்து மூன்று நாட்களில் வேலையை முடித்துக்கொள்ள வேண்டியதுதான்!

காரணம் சிக்கலானதல்ல. காலையில் வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, ஜாவாக் கடலிலிருந்து ஈரக்காற்று தெற்கே நகர்கிறது. அறுபது கிலோமீட்டர் தட்டை நிலத்தைத் தாண்டி வந்து, திடீரென்று மூவாயிரம் மீட்டர் சுவரில் முட்டுகிறது. மேலே ஏறினால் குளிரும், குளிர்ந்தால் கொட்டும். நான் இருந்த வீட்டு மொட்டை மாடியிலிருந்து இதைத் தினமும் பார்க்கலாம். காலை ஆறு மணிக்குச் சாலாக் மலை துடைத்து வைத்த மாதிரி தெரியும். பத்து மணிக்கு இடுப்பில் ஒரு மேகம். பன்னிரண்டுக்கு மலையே இருக்காது. இரண்டிலிருந்து நாலுக்குள் இடியோடு பிடித்துக்கொள்ளும். வீட்டுக்கார அம்மா கடிகாரம் பார்த்துத் துணி எடுப்பார்.

சரித்திரத்துக்கு வருவோம். போகோருக்கு மேற்கே சியாருதுன் என்ற ஆற்றின் அருகே ஒரு கல் இருக்கிறது. எட்டு டன் எடையுள்ள பாறை. அதில் இரண்டு பாதங்கள் செதுக்கி, மேலே நாலு வரி எழுத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்தையடிப் பாதையில் வழுக்கி வழுக்கிப் போய்ப் பார்த்தேன். தகவல் பலகையில் 'பல்லவ எழுத்து, சமஸ்கிருத மொழி, 5-ஆம் நூற்றாண்டு' என்று போட்டிருந்தது. தாருமா நாட்டு மன்னன் பூர்ணவர்மனின் பாதங்கள் இவை, விஷ்ணுவின் பாதங்களைப் போன்றவை என்று அந்த வரிகள் சொல்கின்றன. நம்ம பக்கத்து எழுத்து கடல் தாண்டி வந்து, ஜாவாவின் ஆற்றங்கரைக் கல்லில் ஆயிரத்து ஐந்நூறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறது! கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். 1893-ல் வந்த வெள்ளம் அந்த எட்டு டன் பாறையையே புரட்டிச் சில மீட்டர் கீழே தள்ளிவிட்டது. 1981-ல்தான் அதை ஆற்றுப் படுகையிலிருந்து தூக்கி மேலே வைத்தார்கள்.

அதே பூர்ணவர்மனின் இன்னொரு கல்வெட்டு கீழே, ஜகார்த்தா கடலோரத்தில் தூகு என்ற இடத்தில் கிடைத்தது. என்னைப் பொறுத்தவரை அதுதான் பெரிய பொக்கிஷம். ஏனென்றால் அது ஒரு பொதுப்பணித்துறை அறிக்கை! முன்னோர் வெட்டிய சந்திரபாகா என்ற கால்வாய் தலைநகரைத் தாண்டிக் கடலுக்குப் போனது. இப்போது மன்னன் தன் ஆட்சியின் 22-ஆம் ஆண்டில் கோமதி என்ற கால்வாயை வெட்டினான். நீளம் 6,122 வில். பங்குனித் தேய்பிறை எட்டாம் நாள் தொடங்கி, சித்திரை வளர்பிறை பதின்மூன்றாம் நாள், மொத்தம் 21 நாளில் வேலை முடிந்தது. அந்தணர்களுக்கு ஆயிரம் பசு தானம். ஒரு வில் நாலு முழம், அதாவது சுமார் 1.8 மீட்டர் என்று வைத்தால் பதினோரு கிலோமீட்டர். நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல். மண்வெட்டியும் கூடையும் வைத்துக்கொண்டு! நம்ம காண்ட்ராக்டர்கள் யாராவது படித்தால் நல்லது. கால்வாய் எதற்கு என்று கல்வெட்டு விளக்கவில்லை. வெள்ளத்தை வடிக்கவும் பாசனத்துக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எப்படி இருந்தாலும், மேலே மலையில் பெய்வது கீழே தலைநகருக்கு வந்து சேரும், அதற்கு வழி விட வேண்டும் என்ற கணக்கு அன்றைக்கே போடப்பட்டிருக்கிறது.

பிறகு பஜஜாரான் என்ற சுண்டா அரசு இதே போகோரில், சிலிவுங்குக்கும் சிசடானேக்கும் நடுவிலுள்ள மேட்டில், பக்குவான் என்ற தலைநகரை வைத்துக்கொண்டது. ஊருக்குள்ளேயே 1533-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று நிற்கிறது. இறந்துபோன தந்தையைப் புகழும் மகன், அவர் அகழி வெட்டினார், ஏரி அமைத்தார் என்று எழுதி வைக்கிறான். மறுபடியும் தண்ணீர்தான். 1579-ல் பாண்டென் சுல்தானின் படை வந்து அந்த நகரத்தை முடித்து வைத்தது. அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் அங்கே காடும் புலியும்.

கீழே கடற்கரையில் டச்சுக் கம்பெனிக்காரர்கள் 1619-ல் பதாவியா என்று கோட்டை கட்டி, ஆம்ஸ்டர்டாம் மாதிரியே நேர் நேராகக் கால்வாய் வெட்டினார்கள். 1699 ஜனவரியில் சாலாக் மலைப் பக்கம் பெரிய நிலநடுக்கம்; சரிவுகள் அப்படியே பெயர்ந்து ஆற்றில் விழுந்தன. சேறும் வேரோடு பிடுங்கிய மரங்களும் சிலிவுங்கில் வந்து பதாவியாவின் அழகான கால்வாய்களை அடைத்துவிட்டன. தேங்கிய தண்ணீர், கொசு, காய்ச்சல். கீழே இருக்க முடியாமல் பணக்காரர்கள் மேலே நகர ஆரம்பித்தார்கள். 1745-ல் கவர்னர் ஜெனரல் ஃபான் இம்ஹாஃப் போகோரில் ஒரு மாளிகை எழுப்பி, பாய்டென்சோர்க் என்று பெயரிட்டார். 'கவலைக்கு அப்பால்' என்று அர்த்தம். கவலையைக் கீழே விட்டுவிட்டு வந்தாராம்!

1808-ல் வந்த டாண்டெல்ஸ் என்ற இரும்புக்கை கவர்னர், ஜாவாவின் மேற்கிலிருந்து கிழக்குக்கோடி வரை ஆயிரம் கிலோமீட்டர் தபால் சாலை போட்டார். அதில் ஒரு துண்டு போகோரிலிருந்து மேகமெண்டுங் வழியாகப் புஞ்சாக்கைத் தாண்டுகிறது. கட்டாய உழைப்பில் செத்தவர்கள் ஏராளம். இன்றைக்கு சனி ஞாயிறு கார்கள் ஊர்வது அதே தடத்தில்தான். பிறகு பிரிட்டிஷ்காரர்கள் ஐந்து வருஷம் ஜாவாவைப் பிடித்து வைத்திருந்தபோது ராஃபிள்ஸ் இந்த மாளிகையில் வாழ்ந்தார். 1817-ல் ரைன்வார்ட் என்ற விஞ்ஞானி மாளிகையை ஒட்டித் தாவரவியல் தோட்டத்தைத் தொடங்கினார். 1848-ல் அந்தத் தோட்டத்தில் நட்ட நாலே நாலு எண்ணெய்ப் பனைக் கன்றுகளின் சந்ததிதான் தென்கிழக்காசியாவின் பாமாயில் தோட்டங்களில் பெரும்பகுதி. நம்ம ரேஷன் கடை பாமாயில் பாக்கெட்டுக்கும் போகோருக்கும் சொந்தம் இருக்கிறது, பாருங்கள். காப்பியும் அப்படித்தான், ஆனால் எதிர்த் திசையில்: மலபாரிலிருந்து 1696-ல் கொண்டுவந்த கன்றுகள் வெள்ளத்தில் போயின, 1699-ல் மறுபடி கொண்டுவந்தவை பிழைத்தன. 1711-ல் புஞ்சாக்கின் மறுபக்கத்து சியாஞ்சூரிலிருந்து முதல் விளைச்சல் வந்தது. அதன் பிறகு மலைச்சரிவு முழுக்கக் காடு போய்க் காப்பி, பிற்பாடு தேயிலை.

மாளிகைக் கதை இன்னும் நீளம். 1834 நிலநடுக்கத்தில் இடிந்து, மறுபடி கட்டி, சுதந்திரத்துக்குப் பிறகு ஜனாதிபதி மாளிகை ஆனது. 1954 டிசம்பரில் நேரு, சிலோனின் கொத்தலாவலை உட்பட ஐந்து நாட்டுப் பிரதமர்கள் இங்கே கூடித்தான் மறு வருஷத்து பாண்டுங் மாநாட்டுக்கு ஏற்பாடு செய்தார்கள். புல்வெளியில் நூற்றுக்கணக்கான புள்ளி மான்கள். வேலிக்கு வெளியே நின்று குழந்தைகள் கேரட் நீட்டும்.

போதும், இனி ஆற்றுக்கு வருகிறேன்.

போகோர் நகரத்தின் கிழக்கே சிலிவுங்கின் குறுக்கே கட்டுலம்பா என்று ஓர் அணைக்கட்டு. டச்சுக்காரர்கள் 1910-களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டியது. ஆனால் இன்று அதன் புகழுக்குக் காரணம் பாசனமல்ல; சுவரில் வரைந்திருக்கும் ஓர் அளவுகோல். தண்ணீர் 80 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் நாலாம் நிலை, கவலையில்லை. 80-லிருந்து 150 வரை மூன்று, 200 வரை இரண்டு, அதற்கு மேல் போனால் ஒன்று. காவலாளி கம்பியில்லாக் கருவியில் சொல்வார். அந்தத் தண்ணீர் ஜகார்த்தாவுக்குள் நுழைய ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம். சிலிவுங் கரையில் குடியிருக்கும் லட்சக்கணக்கான ஜனங்களுக்கு அந்த எண்தான் பஞ்சாங்கம். மேலேயிருந்து வரும் வெள்ளத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பாஞ்சிர் கிரிமான்'. அனுப்பி வைக்கப்பட்ட வெள்ளம், தபாலில் வருகிற மாதிரி. 2007 பிப்ரவரியில் கட்டுலம்பாவில் 250 சென்டிமீட்டர் வந்தபோது, நகரத்துக்குள் பெய்த மழையும் சேர்ந்து, ஜகார்த்தாவில் பாதிக்கு மேல் தண்ணீரில் இருந்தது.

1978-ல் ஜகார்த்தாவிலிருந்து போகோருக்கு நாட்டின் முதல் சுங்கச்சாலை வந்ததும் புஞ்சாக்கின் தலையெழுத்து மாறியது. வாராந்திர ஓய்வுக்கு வீடு, விடுதி, உணவகம். 1963-லிருந்து புஞ்சாக்கில் கட்டிடங்களைக் கட்டுப்படுத்த ஜனாதிபதி ஆணைகள் உண்டு. 1983-ல் ஒன்று, 1985-ல் ஒன்று, 1999-ல் இன்னொன்று. ஆணைக்கு மேல் ஆணை வந்ததிலிருந்தே எவ்வளவு பேர் மதித்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

அந்தக் கட்டிடங்களில் ஒன்றில் நானும் இருந்தேன். போகோரில் என் வேலையே அதுதான். ஒரு விடுதி; பெயர் வேண்டாம். தேயிலைச் சரிவில் இரண்டு ஹெக்டேர். என் பொறுப்பு கார் நிறுத்துமிடமும் வடிகாலும். ஹைட்ராலஜி சார் கரும்பலகையில் எழுதிப் போட்ட சூத்திரம் ஞாபகம் இருக்கிறதா? பெய்யும் வேகம், பரப்பு, வழிந்தோடும் விகிதம், மூன்றையும் பெருக்கு. மணிக்கு 100 மில்லிமீட்டர் மழை இரண்டு ஹெக்டேரில் விழுந்தால் விநாடிக்கு 555 லிட்டர். மரமும் புதரும் இருந்தபோது விகிதம் 0.2 என்று வைத்தால் ஆற்றுக்குப் போவது 110 லிட்டர். கான்கிரீட் போட்டபின் 0.85, அதாவது 470 லிட்டர். இந்த 470-ஐ எப்படி வேகமாக வெளியே தள்ளுவது என்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. நல்லாவே செய்தேன். ஒரு சொட்டு தேங்காது. வரைபடத்தில் வடிகால் நேரே போய் ஓடையில் முடியும். அதோடு தாளும் முடியும். ஓடைக்குக் கீழே என்ன என்று நானும் கேட்கவில்லை, யாரும் கேட்கவும் சொல்லவில்லை.

2018 பிப்ரவரி 5, திங்கட்கிழமை. இரவெல்லாம் பெய்த மழை விடியவில்லை. புஞ்சாக் சாலையில் பல இடங்களில் மண் சரிந்து, நாங்கள் சைட்டுக்குப் போக முடியவில்லை. காலை ஒன்பது மணி வாக்கில் கட்டுலம்பா 240 என்று தகவல். என்னோடு வேலை பார்த்த சூப்பர்வைசர், ஐம்பது வயதுக்காரர், நான் 'பாக்' என்று மரியாதையாகக் கூப்பிடுபவர், உடனே போனை எடுத்தார். அவருடைய அம்மா ஜகார்த்தாவில் கம்புங் மெலாயு பக்கம், ஆற்றை ஒட்டிய சந்தில் குடியிருந்தார். "அம்மா, அரிசியை மேலே ஏத்துங்க. மெத்தையையும்." அவ்வளவுதான் பேச்சு. பழக்கப்பட்ட குடும்பம்.

இரண்டு நாள் கழித்து, சேறு வார உதவிக்கு நானும் அவரோடு ரயிலேறிப் போனேன். சுவரில் என் நெஞ்சு உயரத்துக்குப் பழுப்புக் கோடு. பாட்டி எழுபது தாண்டியவர்; வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாகக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு டீ கொடுத்து, மேலே என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். விடுதி கட்டுகிறோம் என்றேன்.

"அங்கேயும் தண்ணி நிக்குமா?"

"இல்லம்மா, அங்க உடனே வடிஞ்சிடும்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. பாட்டி தலையாட்டிவிட்டு அடுத்த தட்டை எடுத்தார்.

எல்லாப் பழியையும் மலை மேல் போடுவதும் சரியில்லை. 2020 புத்தாண்டு வெள்ளம் பெரும்பாலும் ஜகார்த்தா தன் தலையில் தானே கொட்டிக்கொண்ட மழை. ஹாலிம் விமான நிலையத்தில் ஒரே நாளில் 377 மில்லிமீட்டர். நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி நகரத்தின் வடபகுதி சில இடங்களில் 1970-களிலிருந்து நாலு மீட்டர் வரை தாழ்ந்துபோயிருக்கிறது. தலைநகரையே போர்னியோவுக்கு மாற்ற 2022-ல் சட்டம் போட்டார்கள். அதே வருஷம் டிசம்பரில் போகோருக்கு மேலே சியாவி, சுகமாஹி என்ற இரண்டு அணைகள் திறக்கப்பட்டன. விசித்திரமான அணைகள்: சாதாரண நாளில் காலியாகவே இருக்கும், ஆறு அடியில் உள்ள வாய் வழியாகப் பாட்டுக்குப் போகும், வெள்ளம் வந்தால் மட்டும் தேங்கி மெதுவாக வெளியேறும். இரண்டும் சேர்ந்து 77 லட்சம் கன மீட்டர் வாக்கில். நம்ம செம்பரம்பாக்கத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உச்சத்தைக் கொஞ்சம் தட்டும், அவ்வளவே. 2025 மார்ச்சில் மறுபடி வெள்ளம் வந்தபோது, புஞ்சாக்கில் தேயிலைச் சரிவில் கட்டிய ஒரு கேளிக்கைப் பூங்காவை மாநில ஆளுநரே நின்று இடிக்க வைத்தார்.

எங்கள் விடுதிக் கதையை முடித்துவிடுகிறேன். ஜகார்த்தாவிலிருந்து திரும்பிய வாரம் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். 2003-ல் நம்ம ஊரில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனபோது எங்கள் வீட்டு முற்றத்தில் அப்பா தோண்டிய உறிஞ்சு குழிதான் மனதில். கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி நாற்பது குழி, கீழே ஒரு தேக்கக் குட்டை. குட்டைக்கு இடமில்லை என்றார்கள். அந்த இடம் இன்னும் பதினாறு கார்களுக்கு. சரிவில் கண்ட இடத்தில் தண்ணீரை இறக்கினால் மண் வழுக்கும் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதனால் சமதளத்தில் மட்டும் என்று குறைத்துக் குறைத்துக் கடைசியில் பன்னிரண்டு குழிக்கு அனுமதி கிடைத்தது. 'பாக்' தானே நின்று தோண்ட வைத்தார்.

2023-ல் வேறு வேலையாக ஜகார்த்தா போனபோது ஒரு நாள் ஒதுக்கி மேலே போனேன். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனாலும் கூட வந்தார். ஐந்து குழிகளின் மேல் செயற்கைப் புல் விரித்துவிட்டார்கள். ஐந்தில் வண்டல் மூடி, மேலே செடி முளைத்திருந்தது. மணி இரண்டரை, சொல்லி வைத்த மாதிரி மழை பிடித்தது. மிச்சமிருந்த இரண்டு குழிகளின் பக்கத்தில் ஆளுக்கொரு குடையோடு நின்றோம். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. அவர் போனை எடுத்துக் கட்டுலம்பா எவ்வளவு என்று பார்த்தார். ஐம்பது. அம்மாவுக்கு ஒரு போன் போட்டுவிட்டு, "வாங்க, டீ குடிக்கலாம்" என்றார்.